நாங்கள் கப் அடிச்ச சீசன்

மணி கேட்டால் சொல்வார். மாதம் கேட்டாலும் சொல்வார். வருடத்தைக் கேட்டால்தான் அவரிடமிருந்து எண் வராது. "நாங்கள் ரெண்டாம் பிரிவுக்கு இறங்கின சீசன்" என்பார். இல்லாவிட்டால், "கிறவுண்ட் உறைஞ்சுபோய் மாசி முழுக்க மட்ச் இல்லாமல் கிடந்தம், அந்த சீசன்" என்பார். 'நாங்கள்' என்று அவர் சொன்னது குடும்பத்தையோ ஊரையோ அல்ல. இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைப் புகைக்கூண்டுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய பட்டணத்தின் கால்பந்துக் கழகத்தை. அந்தப் பட்டணத்தை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. திருகோணமலையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, தலை நரைத்த பிறகு மொன்றியலுக்கு வந்து சேர்ந்த பெண் அவர்.

கழகத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வருடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வருடம் கிடைத்தால் அவரையும் கண்டுபிடித்துவிடலாம். அவரை எல்லோரும் 'மட்ச் அக்கா' என்றார்கள். அதுவே போதும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மட்டக்களப்புக்காரர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கூரையில் சற்றலைற் டிஷ் பூட்டியிருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கிலாந்து ஆட்டம் தொடங்கும். அங்கே அப்போது பின்னேரம் மூன்று. பெரிய கழகங்களின் ஆட்டத்தைப் பார்க்க இளைஞர்கள் நிறைந்திருப்பார்கள். நான் ரோல்ஸும் தேநீரும் எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பேப்பர் பார்ப்பேன். மத்தியானத்தை நெருங்க ஆட்டம் முடியும், கூட்டம் கலையும். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் உள்ளே வருவார். செயின்ட்-மிஷேலில் மருமகளின் வீட்டு நிலவறையில் இருந்தார். பஸ் மாறி வரவேண்டும். குளிர்காலக் கோட்டைக் கழற்றாமல், ஒரு வெறுந்தேத்தண்ணியைக் கையில் பிடித்துக்கொண்டு, தொலைக்காட்சிக்குக் கீழே போய் நிற்பார்.

அவருடைய கழகத்தின் ஆட்டத்தை எந்தச் சற்றலைற்றும் காட்டவில்லை. அது அப்போது கீழ்ப் பிரிவு ஒன்றில் கிடந்தது. ஆனால் எல்லா ஆட்டமும் முடிந்ததும் ஒருவர் எல்லாப் பிரிவுகளின் முடிவுகளையும் வரிசையாக வாசிப்பார். அந்த நீண்ட வரிசையில் அவருடைய கழகத்துக்கு ஒரே ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் பஸ் மாறி வந்தார்.

அந்த வாசிப்பில் ஒரு முறை இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லித்தந்தது அவர்தான். முதல் அணியின் பெயரையும் அது போட்ட கோலையும் வாசித்துவிட்டு, இரண்டாவது அணியின் பெயரைத் தொடங்கும்போதே வாசிப்பவரின் குரல் முடிவைச் சொல்லிவிடும். குரல் ஏறினால் அந்த அணி வென்றது. இறங்கினால் தோற்றது. ஒரே மட்டத்தில் போனால் சமன். எண் பிறகுதான் வரும். சிறுவயதிலிருந்தே வானொலியில் இதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். ஆங்கிலம் பேசமாட்டார். ஆனால் ஆங்கில எண்கள் எல்லாம் காதில் ஊறியிருந்தன. குரலின் ஏற்ற இறக்கமும்.

ஒரு முறை அவருடைய வரி வந்தபோது குரல் இறங்கியது. மேசையிலிருந்த ஒரு பெடியன், "தோத்தாச்சு அக்கா, கோட்டைக் கழட்டாதேங்கோ, அப்பிடியே பஸ்ஸைப் பிடிச்சுப் போங்கோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஒரு கையை உயர்த்தி மறித்தார். வரி முழுதாக முடிந்து அடுத்த வரி தொடங்கிய பிறகுதான் திரும்பினார்.

"எனக்கும் தெரிஞ்சதுதான் தம்பி. ஆனாச் சொல்ல வேண்டியவன் அவன். அவன் வாசிச்சு முடிக்கட்டும். அதுக்குப் பேந்து நாங்கள் கதைப்பம்."

இதுதான் அவர். தெரிந்துவிட்டதற்காக முந்திக்கொள்ள மாட்டார். அப்போது எனக்கு இது ஒரு வேடிக்கையான பிடிவாதமாகப் பட்டது.

கழகத்தின் சரித்திரத்தை அவர் சொல்லக் கேட்க வேண்டும். ஒழுங்காகச் சொல்லமாட்டார், யாராவது சீண்டினால் ஒரு துண்டு வரும். "அக்கா, உங்கட ரீம் இப்ப எந்தப் பிரிவு, மண்ணுக்குக் கீழயோ?" என்று கடைக்காரர் கேட்பார். "முதல் லீக் தொடங்கேக்கை மேசையில இருந்து கையெழுத்து வைச்சவை நாங்கள். உங்கட ரீமுக்கு அப்ப நிக்க ஒரு வெளிகூட இல்லை" என்பார்.

ஞாயிறு வேதாகம வகுப்புக்குப் போன ஆலைப் பெடியன்கள் சிலர் தொடங்கிய கழகமாம். சனிக்கிழமை மத்தியானத்தோடு ஆலைகள் வேலையை நிறுத்தியதால் பின்னேரம் பந்தடிக்க நேரம் கிடைத்ததாம். ஆரம்ப காலத்தில் பெரிய நகரங்களையெல்லாம் தோற்கடித்து இரண்டு முறை லீக்கை வென்றார்களாம். கோல் போட்டவனுக்கு ஊர் இறைச்சிக்கடைக்காரர் ஒரு ஆட்டுத்தொடை கொடுப்பாராம்; தொடை தோளில் தொங்க வீட்டுக்கு நடந்து போவானாம். பிறகு யுத்தத்துக்குப் போன ஆட்டக்காரர்கள் திரும்பி வரவில்லை. ஆலைகள் மூடப்பட்டன. கழகமும் ஒவ்வொரு படியாக இறங்கியது. கடைசிப் பிரிவின் கடைசி இடத்துக்கு வந்து, அன்றைய ஆட்டத்தில் தோற்றால் லீக்கை விட்டே வெளியே என்ற நிலையில், மழைக்குள் ஒரு கோலால் தப்பிய கதையை அவர் சொன்னால் சமையலறையில் இருப்பவர்களும் வெளியே வந்து கேட்பார்கள்.

இதெல்லாம் அவருக்குத் தகப்பன் வழியாக வந்தது. தகப்பன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில், வெள்ளைக்காரர் காலத்தில், மெசின் பட்டறையில் வேலை செய்தவர். மேலே இருந்த எஞ்சினியர் அந்தப் பட்டணத்துக்காரன். திங்கட்கிழமை அவன் முகத்தைப் பார்த்தே பட்டறை முழுக்க முடிவை அறிந்துகொள்ளுமாம். எஞ்சினியர் கப்பல் ஏறிப்போன பிறகும் தகப்பன் வானொலியை விடவில்லை. மகளும் விடவில்லை. அவர் கட்டிய புருசனும் கடைசியில் அந்தப் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

இவ்வளவு கதை சொல்கிறவர், கழகத்தின் ஆகப் பெரிய வெற்றியை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவார். இரண்டாம் பிரிவிலிருந்துகொண்டே, நாட்டின் மிகப் பெரிய கழகத்தை இறுதியாட்டத்தில் வென்று கோப்பையைத் தூக்கிய கதை. "ஒண்டுக்குப் பூச்சியம். கடைசி நேரத்தில போட்டது" என்பார். பிறகு தேத்தண்ணியைக் குடிப்பார். நான் அதை அடக்கம் என்று நினைத்தேன்.

அந்த வெற்றி எனக்கும் தெரியும். அது நடந்த வைகாசி மாதம் நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியர். ஆசிரியர் அறையில் பேப்பரை விரித்து அந்தச் செய்தியை நான்தான் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வருடம் என் தலையில் அச்சடித்தது போல இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

மொன்றியலில் என் வேலை மொழிபெயர்ப்பு. அகதி விசாரணைகளில் தமிழை ஆங்கிலமாக்கிச் சொல்வேன். எல்லோரும் என்னை 'மாஸ்டர்' என்பார்கள். ஒரு நாள் விசாரணை அறைக்குள் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கத்தில் அதே கோட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது. தெரிந்தவர்களுக்கு நாங்கள் மொழிபெயர்க்கக் கூடாது. எழுந்து அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடையில் கண்ட பழக்கம்தானே என்று இருந்துவிட்டேன்.

அவருடைய புருசனைப் படையினர் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை, பிறகு தன்னையும் தேடினார்கள் என்பதுதான் அவருடைய வழக்கு. விண்ணப்பத்தில் ஆவணி மாதம் என்று எழுதி வருடத்தை விட்டிருந்தார்கள். விசாரித்த அதிகாரி அம்மா அமைதியான ஆள். வருடத்தைக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"நாங்கள் கப் அடிச்ச சீசன்" என்றார் அவர். "தொடங்கி மூண்டாவது சனி. நாங்கள் ரேடியோவுக்கு முன்னால இருந்தனாங்கள். முடிவு வாசிக்க முதல் வந்திட்டாங்கள்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? புருசனைப் பறிகொடுத்த பெண் பந்தாட்டக் கதை சொல்கிறாள் என்று அந்த அம்மா நினைக்கமாட்டாரா? எங்கள் ஆட்களைப் பற்றி என்ன நினைப்பார்? மொழிபெயர்ப்பாளனின் சட்டம் ஒன்றுதான்: சொன்னதைச் சொன்னபடி சொல். நான் அப்படிச் செய்யவில்லை. கோப்பையை வென்ற வருடம் எனக்குத் தெரியும் என்ற திமிரில், அந்த வருடத்து ஆவணி மாதம் என்று மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னேன். கப்பும் இல்லை, சீசனும் இல்லை, ரேடியோவும் இல்லை.

அந்த அம்மா ஏதோ ஒரு தாளைப் பார்த்தார். "திகதி நிச்சயமா?" என்று கேட்டார். நான் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம்" என்றார்.

தீர்ப்புத் தபாலில் வந்தது. அதை வாசிப்பிக்க அவர் ஒரு சனிக்கிழமை கடைக்கு எடுத்து வந்தார். முடிவு வாசிக்க இன்னும் நேரம் இருந்தது. உறையைப் பிரித்து எனக்குள் வாசித்தேன். நிராகரித்திருந்தார்கள். காரணத்தை இரண்டு முறை வாசித்தேன். புருசனைக் காணவில்லை என்று அவர் ஒரு உதவி நிறுவனத்தின் அலுவலகத்தில் முறையிட்டதற்கு அத்தாட்சி இருந்தது. அது நான் சொன்ன அதே வருடத்து மாசி மாதத்தில் கொடுத்தது. ஆவணியில் கொண்டுபோகப்பட்ட மனிதனை அதற்கு அரை வருடம் முன்னதாகவே காணவில்லை என்று எப்படி முறையிட முடியும்? ஆகவே கதை முழுவதும் புனைவு.

மாதங்களை விரல் விட்டு எண்ணினேன். இங்கிலாந்தில் சீசன் ஆவணியில் தொடங்கும். இறுதியாட்டம் அடுத்த வருடம் வைகாசியில் நடக்கும். கோப்பையை வென்ற சீசனின் மூன்றாவது சனி, கோப்பையை வென்ற வருடத்தில் இல்லை. அதற்கு முந்திய வருடத்தில் இருக்கிறது. பந்து பார்க்கிற எந்தப் பெடியனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். அவர் சரியாகத்தான் சொன்னார். ஆவணியில் கொண்டுபோனார்கள், மாசியில் முறையிட்டார், வைகாசியில், யாரோ வீட்டு மூலையில் தனியாக இருந்து, தன் கழகம் கோப்பையை வென்றதைக் கேட்டார். அதனால்தான் அந்தக் கதையை ஒரே வரியில் முடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. கடிதத்தை அவர் பக்கமாகத் தள்ளினேன்.

"என்னவாம் மாஸ்டர்?"

"நம்பேல்லையாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, ஒரு ஆட்டத்தில் ஏன் அந்த ஆளை வெளியே எடுத்தார்கள் என்று கேட்பது போல, சாதாரணமாகக் கேட்டார்: "அண்டைக்கு நீங்கள் வருசத்தை மாத்திச் சொன்னனீங்கள் என்ன?"

ஆங்கில எண்கள் அவருக்குத் தெரியும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"எனக்குக் கேட்டது. ஒரு வருசம் பிந்திச் சொன்னனீங்கள். படிச்ச மனிசன், ஏதோ காரணத்தோடதான் சொல்லுறார் எண்டு நினைச்சன். அதாலதான் நிச்சயமோ எண்டு கேக்க நானும் ஓம் எண்டனான்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிழை என்னுடையது, வக்கீலிடம் போவோம், நான் எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மேல் விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருந்தது. மொழிபெயர்ப்பாளனே வந்து பிழையை ஒப்புக்கொண்டால் தீர்ப்பைத் திரும்பப் பார்ப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வேலையும் 'மாஸ்டர்' என்ற பெயரும் போயிருக்கும், தெரிந்தவருக்கு மொழிபெயர்த்ததும் வெளியே வந்திருக்கும். அவ்வளவுதான். அவருடைய உயிருக்கு எதிரே அது ஒன்றும் இல்லை.

நான் சொன்னது இது: "ஓம் அக்கா. சட்டத்துக்கு அப்பிடிச் சொன்னாத்தான் நல்லது எண்டு பட்டது."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப சரி" என்றார். தொலைக்காட்சியில் முடிவு வாசிக்கத் தொடங்கினார்கள். அவர் கடிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்க் கீழே நின்றார். அன்றைக்கு அவருடைய கழகம் வென்றது. கடைக்காரர் கை தட்டினார்.

அதற்குப் பிறகும் அவர் ஒவ்வொரு சனியும் வந்தார். முன்பெல்லாம் முடிவைக் கேட்டதும் போய்விடுவார். இப்போது கேட்டு முடித்தும் போகாமல், என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார். கழகத்தைப் பற்றிக் கதைக்கமாட்டார், கடிதத்தைப் பற்றியும் கதைக்கமாட்டார். பெடியன்களுக்கு அது பகிடி. "மட்ச் அக்கா இப்ப மாஸ்டரைத்தான் பாக்க வாறா" என்றார்கள். நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். தேத்தண்ணி ஆறியதும் எழும்பி, "வாறன் மாஸ்டர்" என்று சொல்லிப் போவார். மேல் விண்ணப்பத்துக்கான நாள் கடந்தது. மருமகள் பிடித்த வேறொரு வக்கீல் வேறு வழிகளைப் பார்த்தார். அவையும் அடைபட்டன. ஊரில் அப்போது சமாதானக் காலம். போனால் ஆபத்தில்லை என்றார்கள்.

அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் சண்டை மறுபடியும் தொடங்கியது. முதலில் வெடித்தது அவருடைய ஊர்ப் பக்கத்தில்தான். கொஞ்ச நாள் மருமகளுக்குத் தொலைபேசி வந்ததாம். பிறகு வரவில்லை. போனவர்கள் வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை. நான் மொழிபெயர்ப்பை விட்டேன். உடம்பு ஏலாது என்று சொல்லி விட்டேன். அதிலும் உண்மை சொல்லவில்லை. இப்போது புவாண்ட்-கிளேரில் மகளோடு இருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியைப் போடாதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

அவர் போன நாளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அன்று காலை செயின்ட்-மிஷேலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் நின்றால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ. பனி உருகப் படிகளில் உப்பு தூவியிருந்தார்கள். நிலவறை வாசலில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, அதே கோட்டோடு அவர் நின்றார். மருமகள் காரை எடுக்கப் போயிருந்தாள். இனிமேல் அந்தக் கோட்டு அவருக்குத் தேவைப்படாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியை நான் தூக்குகிறேன் என்றேன். பாரமில்லை என்றார். எதையாவது கேட்க வேண்டுமே என்று, அங்கே ரேடியோவில் மட்ச் முடிவு பிடிக்குமா என்று கேட்டேன். பிடிக்கும் என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு காலம் என்னால் தாங்கியிருக்க முடிந்திருக்கும்.

"கடையில அண்டைக்குச் சட்டத்துக்கு எண்டு சொன்னனீங்கள் மாஸ்டர். சொல்லத் தொடங்கேக்கையே உங்கட குரல் இறங்கிப்போச்சு. எனக்கு விளங்கினது."

நான் குனிந்து பெட்டியின் பிடியைப் பிடித்தேன்.

"நீங்கள் வாசிச்சு முடிப்பியள் எண்டுதான் ஒவ்வொரு சனியும் வந்து இருந்தனான்."

மருமகள் காரை வாசலுக்குக் கொண்டுவந்தாள். நான் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். கதவைச் சாத்தினேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.